கேற்றுக்கு அடித்த நீலம்

பரந்தனில் ஒருவன் கையில் பிடிக்கும் மெஷினால் மதிலுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டு நின்றதைக் கண்ட நாளிலிருந்து தவராசாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முரசுமோட்டையில் அவருடைய வீட்டு இரும்புக் கேற் கறள் பிடித்துக் கிடந்தது. பிரஷ்ஷால் பூசுவதென்றால் கம்பி கம்பியாகக் குந்தியிருந்து இடுப்பை முறிக்க வேண்டும். கடைசியில் கிளிநொச்சிக்குப் போய் அந்த மெஷினை வாங்கியே விட்டார். வயர் பூட்டிய துப்பாக்கி மாதிரி ஒன்று. அடியில் பெயின்ற் ஊற்ற ஒரு கோப்பை.

“பழகாத சாமான். பழகின ஆரையும் கூப்பிடுவமே?” என்றாள் மனைவி அருந்ததி.

“முப்பது வருசமா வயலுக்கு மருந்தடிக்கிறன். எனக்கு ஸ்பிரே பழக்கவோ?”

முதல் நாள் பெயின்ற் தடிப்பாக இருந்ததால் மெஷின் கட்டி கட்டியாகத் துப்பியது. தின்னர் கலந்து இளக்கி, பழைய காட்போட் மட்டையில் அடித்துப் பார்த்து, ஒருவாறு கைக்குக் கொண்டுவந்துவிட்டார். அதன் பிறகு ஆளைப் பிடிக்க முடியவில்லை. குசினிக் கதவு நீலம், பிளாஸ்ரிக் கதிரை நீலம், பூச்சட்டி நீலம், கோழிக்கூடு நீலம். கோழிகள் தப்பியது அவற்றின் நல்ல காலம்.

கேற்றை வெள்ளிக்கிழமை காலையில் தொடங்கினார். அரத்தாளால் கறளைத் தேய்த்துக்கொண்டு நின்றபோது எதிர்வீட்டு மீனம்மா வந்தாள்.

“அண்ணே, பரந்தனுக்குக் கிளினிக்குப் போயிட்டு வந்துடுறேன். எங்க வீட்டு ஆளு பூநகரிக்கு வேலைக்குப் போயிருக்கு. நெல்லைக் கொஞ்சம் பாத்துக்கங்க. ஆடு வந்தா விரட்டி விடுங்க.”

தவராசா தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த றோட்டில், சரியாக அவருடைய கேற்றுக்கு முன்னால், மீனம்மா நெல் பரவியிருந்தாள். பெரும்போக விதைப்புக்கென்று எடுத்து வைத்த விதைநெல் அது. வீட்டுக்கு வீடு றோட்டில்தான் நெல் காய்கிறது. ஆனாலும் தன் வாசலில் காய்வது தவராசாவுக்குப் பிடிக்காது. ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் போன முறை எழும்பி நின்று, “ஆக்களின்ர கேற்றை மறிச்சு நெல் போடுற பழக்கத்தை நிப்பாட்டோணும்” என்று சத்தமாகச் சொல்லியிருந்தார். பெயர் சொல்லவில்லை. எல்லாரும் மீனம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் பஸ் ஏறிப் போன பிறகு அடிக்கத் தொடங்கினார். சோளகக் காற்று நல்லாய் வீசியது. மருந்தடிக்கிறவன் காற்றுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பான்; மருந்து தன் முகத்தில் படக்கூடாது. தவராசாவும் அப்படியே வளவுக்குள் நின்று, முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு, கம்பிகளுக்கு மேலாலும் கீழாலும் கையை ஓட்டினார். வேலை வெண்ணெய் மாதிரிப் போனது. நடுவில் இரண்டு ஆடுகள் வந்தன. மெஷினை வைத்துவிட்டு, கேற்றுக்கு மேலால் மண்ணாங்கட்டி எறிந்து துரத்தியும் விட்டார்.

கேற் முடிந்ததும் அழகு பார்க்க றோட்டுக்கு இறங்கினார். அப்போதுதான் நெல்லைக் கண்டார்.

கேற்றுப் பக்கமாக இருந்த பாதி நெல்லின் மேல் நீலம் தூவிக் கிடந்தது. தொட்டபோது விரலில் ஒட்டியது. கம்பியில் பிடித்ததைவிடக் கம்பிக்குள்ளால் போனதுதான் கூடப் போல. அவருக்கு நெல் பழுதானதைவிட, ஊர் என்ன சொல்லும் என்பதே முதலில் மனதில் வந்தது. கூட்டத்தில் கத்தினவன், ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பெயின்ற் அடித்துப்போட்டான் என்பார்கள். யார் இல்லையென்று நம்புவார்கள்?

காயும் நெல்லைக் கண்டால் கமக்காரனின் கால் சும்மா இராது. தவராசா செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லுக்குள் இறங்கி, பாதத்தால் சால் இழுத்துக் கிளறினார். நீலம் கீழே போகும், மஞ்சள் மேலே வரும் என்று நினைத்தார். கிளறக் கிளற ஈரப் பெயின்ற் நல்ல நெல்லிலும் ஒட்டியது. மேலாக வழித்து எடுத்திருந்தால் ஒரு கடகப் பெட்டியோடு போயிருக்கும். இப்போது முழுவதும் நாசம். தன் காலையே வெட்டிப் போடலாம் போல இருந்தது.

மீனம்மா பஸ்ஸால் இறங்கி வந்தாள். நெல்லைப் பார்த்தாள், கேற்றைப் பார்த்தாள், நீலமாய்ப் போயிருந்த அவருடைய பாதங்களையும் பார்த்தாள். குந்தியிருந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்தாள். நீலம் போகவில்லை.

“விதைக்கு வச்சிருந்த நெல்லுண்ணே,” என்றாள்.

“நான்தான். காத்து கொண்டுவந்து போட்டிட்டுது. பிறகு பயத்தில கிளறியும் போட்டன். வேணுமெண்டு செய்யேல்லை, தங்கச்சி.” அவளை அவர் தங்கச்சி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

மீனம்மா கையிலிருந்த நெல்லைத் திரும்பக் கொட்டினாள். பிறகு, “நீங்க அப்படிச் செய்யிற ஆளு இல்லண்ணே. கோவம்னா நேராவே பேசிடுவீங்க” என்றாள்.

தவராசாவுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை எடுத்துவிட்டது போல இருந்தது. தன் விதைநெல்லைச் சாக்கோடு தூக்கிக்கொண்டு போய் அவளுடைய வாசலில் வைத்தார். அவரதும் அதே ஆட்டக்காரி இன நெல்தான். இனி விதைக்கு அவர்தான் ஊரெல்லாம் அலைய வேண்டும். அது பெரிதாகத் தெரியவில்லை.

பின்னேரம் அருந்ததி தேத்தண்ணியைக் கொண்டுவந்து நீலக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தாள். போகாமல் நின்றாள்.

“மீனம்மா நம்பிட்டா. எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ. தெரிஞ்சுதானே அடிச்சனீங்கள்?”

“உனக்கென்ன விசரே?”

“தொடங்க முதல் மோட்டார் சைக்கிளை றோட்டில இருந்து உள்ளுக்குக் கொண்டுவந்தனீங்கள். ஏனெண்டு கேட்டன். காத்து றோட்டுப் பக்கம் போகுது, பெயின்ற் பட்டிடும் எண்டு சொன்னனீங்கள்.”

தவராசாவுக்கு மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது. அது நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான் நெல் காய்ந்தது. சில்லு நெல்லில் ஏறாமல் பார்த்துப் பார்த்துத்தான் திருப்பினார். மீனம்மாவின் முகத்துக்கு முன்னால் வராத வெட்கம் இப்போது வந்தது.

“தெரிஞ்சுதான் அடிச்சனோ எண்டு எனக்கே தெரியேல்லையடி,” என்றார் கடைசியில். அருந்ததி தேத்தண்ணியை எடுத்து அவருடைய கையில் கொடுத்தாள்.