ரசூலின் பாட்டிலில் பொட்டு இல்லை

புங்க எண்ணெயில் ஏரோப்ளேன் பறப்பதாவது என்று கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். ஸ்ரீரஞ்சனியின் கணவர் வேம்புவும் அதில் சேர்த்தி. "அடையாறு ரோட்டுல உதிர்ற புங்கங்கொட்டையப் பொறுக்கிண்டு வந்து ப்ளேனுக்கு ஊத்தப் போறா எங்காத்துக்காரி" என்று மயிலாப்பூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அடையாறு ஆய்வுக்கூடத்தில் அவளும் குலாம் ரசூலும் வருஷக்கணக்காக மல்லுக்கட்டியது குளிரோடுதான். தேங்காயெண்ணெய் மார்கழிக் காலையில் கட்டிக்கொள்கிறதே, அதேதான் சங்கதி. விமானம் பறக்கிற உயரத்தில் எரிபொருள் அப்படிக் கட்டிக்கொண்டால் எல்லாம் தீர்ந்தது. மைனஸ் நாற்பத்தேழு டிகிரியிலும் தெளிவாக நிற்க வேண்டும். தொண்ணூற்றேழு ஆவணியில் ஒருவழியாக நின்றது. காய்ச்சி வடித்ததில் இரண்டு பாட்டில் தேறியது. ஆளுக்கு ஒன்றாக மேஜையில் வைத்துக்கொண்டார்கள்.

எண்ணெயைச் சோதித்துப் பார்க்க டெல்லிக் கமிட்டி வருகிற நாளும் ஆபீஸ் ஆயுத பூஜையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. பூஜையன்று விடுமுறை என்பதால் முதல் நாள் காலையிலேயே பொரி கடலையோடு முடித்துவிடுவது அங்கே வழக்கம். கமிட்டி மத்தியானம் வருகிறது. தேறினால் பெரிய அளவில் செய்து பார்க்கலாம், இல்லையென்றால் மூடுவிழா. ஸ்ரீரஞ்சனி பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பிவிட்டாள். தராசு, அடுப்பு, குளிர்த்தொட்டி, ஒன்று பாக்கியில்லாமல் பொட்டு. தன் பாட்டிலுக்கு மட்டும் மூடியும் கழுத்தும் சேருகிற இடத்தில் தாராளமாக அப்பினாள். ரசூல் மேஜைக்கு வந்ததும் கையை இழுத்துக்கொண்டாள். அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் ஒரு மரியாதை இருக்கிறதே.

"எந்த பாட்டில் மேடம், உங்களுதா என்னுதா?" என்று கேட்டார் ரசூல், மத்தியானம் கமிட்டி வந்து உட்கார்ந்ததும்.

"பூஜை பண்ணதையே எடுத்துக்கலாம் சார்" என்றாள்.

எண்ணெய் ஊற்றிக் குளிர்த்தொட்டியில் வைத்த கண்ணாடிக் குழாய், பூஜ்யத்துக்குக் கீழே கொஞ்சம் இறங்கியதுமே பால் விட்டாற்போல் மங்கிப்போனது. டெல்லிக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இயக்குநர் பத்ரிநாராயணன் ஜன்னலைப் பார்த்தார். ஒன்றாய் வடித்ததுதானே என்று ரசூலின் பாட்டிலை யாரும் கேட்கவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அவள் மனசு மரத்துப்போயிற்று. அழுகை வரவில்லை, கோபம்கூட வரவில்லை. ரசத்தில் உப்பில்லை என்பது வேம்பு சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

தீபாவளி கழிந்ததும் அறையைக் காலிசெய்யச் சொன்னார்கள். ஜெராக்ஸ் மெஷின் வருகிறதாம். ரசூல் தன் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "இத்த இன்னா பண்றது மேடம்? கொட்டிடவா?"

அவள் அதில் கொஞ்சம் குழாயில் ஊற்றித் தொட்டியில் வைத்தாள். கைப்பழக்கம், வேறொன்றுமில்லை. பூஜ்யம் தாண்டியது. இருபது, முப்பது. நாற்பத்தேழிலும் குழாய்க்குப் பின்னால் வைத்த பேனாவின் பெயர் படிக்கிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. இந்த எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் உறையாது, பூஜ்யத்தில் உறைவது தண்ணீர். மூடியைத் திறந்தபோது இடுக்கிலிருந்த பன்னீர்ச் சந்தனம் உள்ளே இறங்கியிருக்கிறது. அவள் கையால் வைத்த பொட்டு.

நேரே போய்ப் பத்ரிநாராயணனிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். "டெல்லிக்கு என்னன்னும்மா எழுதறது? சந்தனம் பட்டுடுத்துன்னா? ஃபைல மூடியாச்சு, விட்டுடு."

திரும்பி வந்தபோது ரசூல் இன்னும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவருக்கும் தெரிந்திருந்தது.

"என் பாட்டிலுக்கும் ஒரு பொட்டு வெச்சிருக்கலாம் மேடம்" என்றார் மெதுவாக. "தோத்துட்டோம்னு நெனச்சிக்கினே போயிருக்கலாம்."

அவள் சரி என்பதுபோல் தலையாட்டினாள். பிறகு தொட்டியின் ஸ்விட்சை அணைத்தாள்.