பாஷா கொடுத்த ஜாமீன்

வஸ்ஃபி மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டதற்குக் காரணம் பெண் அல்ல, அமெரிக்கச் சட்டம். இதைச் சொன்னால் தெருவில் போகிறவன்கூட வாயால் சிரிக்க மாட்டான் என்பது அவனுக்கே தெரியும். தொப்பை முன்னே போக, தான் பின்னே போகிற மனிதன். அவன் மீசை எந்த நிறத்தில் இருந்தால் யாருக்கு என்ன?

அம்மான் நகரில் ஓர் அமெரிக்கப் பம்பு கம்பெனியின் கிளை அலுவலகத்தில் அவனுக்கு மொழிபெயர்ப்பு வேலை. அரபுக் காகிதங்களை ஆங்கிலமாக்கித் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாள் மேசைக்கு ஒரு பில் வந்தது. 'நீரியல் தொழில்நுட்ப ஆலோசனைக் கட்டணம்' என்று போட்டிருந்தது. தொகையைப் பார்த்து அவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். ஆலோசனை சொன்னவரோ கல்யாணங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். வஸ்ஃபி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அதற்கு ஒரு கால் குட்டை. அப்பேர்ப்பட்டவர் பம்பைப் பற்றி என்ன ஆலோசனை சொல்லியிருப்பார்? ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஷாஹர் பாஷாவின் மருமகன், அவ்வளவுதான். பாஷா ராணுவத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். பம்புகளை வாங்கிய அரசுக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அலுவலகத்தில் டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் விஷயம் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. வஸ்ஃபியும் திறக்கவில்லை, அழகான ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பினான்.

பிறகுதான் அந்தச் சட்டம் கண்ணில் பட்டது. வெளிநாட்டில் லஞ்சம் கொடுக்கும் கம்பெனியைப் பற்றி யார் துப்புக் கொடுத்தாலும், அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், அமெரிக்க அரசு வசூலிக்கும் பணம் பத்து லட்சம் டாலரைத் தாண்டினால் அதில் பத்திலிருந்து முப்பது சதவீதம் வரை அவருக்கு. நியாய உணர்ச்சி வஸ்ஃபிக்குள் அன்றைக்குத்தான் பொங்கியது. அதற்கு முன்னால் அது எங்கே படுத்துத் தூங்கியது என்று கேட்கக் கூடாது. அவன் குடியிருக்கும் தபர்பூரில் வாரத்தில் ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும். புதுப் பம்பு வந்த பிறகு அந்த ஒரு நாளும் மூக்கால் அழுதுகொண்டு வந்தது. தண்ணீருக்காகத்தான் செய்கிறேன் என்று கண்ணாடி முன் நின்று சொல்லிக்கொள்வான். அப்போதும் போனில் கணக்குப் போடும் பக்கம் திறந்தே இருக்கும்.

வாஷிங்டனில் கார்லா என்று ஒரு வக்கீலம்மா கிடைத்தாள். வக்கீல் மூலமாகத் துப்புக் கொடுத்தால் பெயர் வெளியே வராது. ஆனால் வழக்கு முடிகிற வரை ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியக் கூடாது என்றாள். தெரிந்தால் வேலை போகும். பாஷாவின் ஆட்கள் வேறு இருக்கிறார்கள், அவர்கள் வேலையோடு நிறுத்துகிறவர்கள் அல்ல. எனவே வஸ்ஃபி இரண்டாவதாக ஒரு போன் வாங்கினான். அங்கே காலை என்றால் இங்கே சாயங்காலம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே குந்திக்கொண்டு குசுகுசுவென்று ஆங்கிலத்தில் பேசுவான். ஒரு நாள் அவள் முகம் பார்த்துப் பேசலாம் என்றாள். பெரிய நாட்டின் முன்னால் கிழவனாகத் தெரிவானேன் என்று சாயம் வாங்கினான்.

மனைவி ஹியாமிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் அது அவள் அண்ணன் ஸுஹைரின் டயர்க் கடைக்குப் போகும், அங்கிருந்து டயரோடு டயராக ஊரெல்லாம் உருளும். அப்படியெல்லாம் சாமர்த்தியமாக வாயைக் கட்டியவன், காலைக் கட்டவில்லை. பணம் வரும் முன்பே பணக்காரர்கள் வாழும் தாபூக்குக்குப் போய் ஒரு தரகரோடு வீடு பார்த்தான். மாதுளை மரம் இருக்கிறதா, சமையலறை வெளிச்சமாக இருக்கிறதா என்று விசாரித்தான். தரகர் ஸுஹைரின் மனைவிக்குச் சித்தி மகன். அம்மானில் யார்தான் யாருக்கு உறவில்லை? இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது மறந்துபோயிற்று பாருங்கள்.

ரகசிய போன், மாடியில் குசுகுசு, கறுத்த மீசை, தாபூக்கில் வீடு. ஹியாம் முட்டாள் அல்ல, கூட்டிப் பார்த்தாள். இரண்டாவது கல்யாணம் என்று விடை வந்தது. மகள் ரகத் இர்பித் ஊரிலிருந்து போன் செய்து, "பாபா, உங்களுக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். மறுநாள் ஹியாம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதுவும் தண்ணீர் வருகிற நாளில், துணியை ஊறப்போட்டபடியே. தண்ணீர் நாளில் அழுக்குத் துணியை விட்டுவிட்டு ஒருத்தி வீட்டைவிட்டுப் போகிறாள் என்றால் அது விளையாட்டு இல்லை.

அவள் இல்லாத வீட்டில் ரொட்டியையும் ஜஅத்தர் பொடியையும் தின்றுகொண்டு, வஸ்ஃபி முதல் முறையாக உண்மையிலேயே பயந்தான். கோபித்துக்கொண்டு போன மனைவியைத் திருப்பிக் கூட்டிவர ஒரே வழிதான். ஜாஹா போக வேண்டும். ஊர்ப் பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு பெண்வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும். அவர்கள் காபி கொண்டுவந்து வைப்பார்கள். கேட்டது கிடைக்கும் என்று வீட்டுக்காரர் வாயால் சொல்கிற வரை தலைவர் கோப்பையை வாயில் வைக்க மாட்டார். எவ்வளவு பெரிய மனிதர் தலைமையோ அவ்வளவு சீக்கிரம் காரியம் ஆகும். ஏற்பாட்டை வஸ்ஃபியின் சித்தப்பா ஹமூத் தலைமேல் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஸுஹைர் வீட்டு வாசலில் கார்கள் வந்து நின்றன. முதல் காரிலிருந்து தங்கக் கரை போட்ட அபாயா மேலங்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு ஷாஹர் பாஷா இறங்கினார். வஸ்ஃபி சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான். சித்தப்பா அவன் காதில், யார் யார் காலையோ பிடித்துப் பாஷாவைக் கொண்டுவந்திருக்கிறேன், இனி ஸுஹைரால் மூச்சுவிட முடியாது என்று பெருமையடித்தார். மூச்சுவிட முடியாதது யாருக்கு என்பது வஸ்ஃபிக்குத்தான் தெரியும். பாஷா அவன் தோளில் தட்டி, கவலைப்படாதே என்றார். இந்த மனிதரின் பெயரைத்தான் அவன் அமெரிக்காவுக்குத் தவறில்லாமல் எழுத்துக்கூட்டி அனுப்பியிருந்தான்.

கூடம் நிறைய ஆண்கள். உள் அறைக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அந்த இடுக்கில் ஹியாமின் நீல முக்காடு தெரிந்தது. ஸுஹைர் காபியை ஊற்றிக் கொடுத்தான். பாஷா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, குடும்பம், மானம், பொறுமை என்று நன்றாகவே பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஸுஹைர் மரியாதையாகவே கேட்டான். "பாஷா, நீங்க வந்ததே எங்களுக்குப் பெருமை. தங்கச்சிய இப்பவே அனுப்பி வைக்கிறேன். ஒண்ணே ஒண்ணு. மாப்ள அந்த ரெண்டாவது போன எடுத்து உங்க கையில குடுக்கட்டும். மாடியில யாருகிட்டப் பேசினாருன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்புறேன்."

பாஷா கையை நீட்டினார். "குடு தம்பி. நியாயந்தானே?"

போன் வஸ்ஃபியின் சட்டைப் பையில் இருந்தது. அதைத் திறந்தால் முதலில் தெரிவது கார்லாவின் செய்தி. செய்தியின் முதல் வரியில் பாஷாவின் பெயர். வஸ்ஃபி பாஷாவின் கையைப் பார்த்தான். பிறகு கதவு இடுக்கைப் பார்த்தான். முக்காடு அசையாமல் நின்றது. இல்லை, அப்படி யாரும் இல்லை என்று அவன் சொல்வதற்காக அவள் அங்கே காத்திருக்கிறாள். அவனுக்கு அது தெரிந்தது. பயம் ஒரு பக்கம் இழுத்தது, தாபூக்கின் மாதுளை மரம் ஒரு பக்கம் இழுத்தது. ஹியாமின் பக்கம் இழுக்க அங்கே யாரும் இல்லை.

"போன் எதுக்கு பாஷா," என்றான். "பொம்பளதான். ஒருத்தி இருக்கா. தப்புத்தான். இன்னியோட விட்டுட்டேன்."

உள்ளே கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

பாஷா நீட்டிய கையை மார்பில் வைத்துக்கொண்டார். "ஆம்பளையா ஒத்துக்கிட்டான். இத்தன பேர் முன்னால உண்மையச் சொல்ல நெஞ்சுரம் வேணும். இவன் வார்த்தைக்கு நான் ஜாமீன்," என்றார். ஸுஹைர் காபியைக் குடிக்கச் சொன்னான். பாஷா குடித்தார்.

வாசலில் விடைபெறும்போது பாஷா அவனைத் தனியே இழுத்து, அப்பன் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "ரகசியம்னு ஒண்ணு இருந்தா வீட்டுக்குள்ள வச்சுக்கக் கூடாது தம்பி. சொந்தக்காரன் பேர்லயாவது வச்சுக்கணும்." தொழில் தெரிந்தவர் சொல்கிறார் என்று வஸ்ஃபி பணிவாகக் கேட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டதும் அவன் ஹியாமிடம் எல்லாவற்றையும் கொட்டினான். பில், நாற்காலிக்காரர், சட்டம், வக்கீலம்மா, சதவீதம், ஒன்று விடவில்லை. போனையும் நீட்டினான். அவளுக்கு ஆங்கிலம் வராது. வந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டாள்.

"சொல்றதுதான் சொல்றீங்க, கொஞ்சம் நம்புற மாதிரிச் சொல்லுங்க அபூ ரகத்," என்று மகள் பேரை வைத்து அவனைக் கூப்பிட்டுச் சொன்னாள். "எங்கேயோ இருக்கிற அமெரிக்காக்காரன் உங்களக் கூப்பிட்டு மூட்டையாக் காசு குடுப்பானா? உங்க மானத்தக் காப்பாத்த வந்து உக்காந்தவரு அந்தப் பாஷா. அவரத் திருடன்னு சொல்ல வாய் கூசல?"

பொய்க்குப் பாஷாவே ஜாமீன் நின்றார். உண்மைக்கு ஜாமீன் நிற்க ஒரு நாய்கூட வரவில்லை. வஸ்ஃபி அதை நினைத்து ஒரு நாள் குளியலறையில் தனியாகச் சிரித்தான். யாரோடு சிரிக்கிறீர்கள் என்று வெளியிலிருந்து ஹியாம் கேட்டாள்.

அதன் பிறகு இல்லாத ஒருத்தி அந்த வீட்டில் குடியேறிவிட்டாள். மக்லூபா சோற்றில் உப்புக் குறைந்தது என்றால், அவள் நன்றாகச் சமைப்பாளோ என்பாள் ஹியாம். அவன் புதுச் சட்டை போட்டால் அது அவளுக்காக. ஒருமுறை பேரைக் கேட்டுக் கேட்டுக் குடைந்தபோது வஸ்ஃபி களைத்துப்போய், கார்லா என்று உண்மையையே சொல்லிவிட்டான். கிறிஸ்தவச்சியா என்று கேட்டுவிட்டு அவள் இரண்டு நாள் பேசவில்லை. மீசை வெளுத்தது, அவனும் விட்டுவிட்டான்.

அடுத்த ஆண்டு கோடையில் கம்பெனி அமெரிக்காவில் குற்றத்தை ஒத்துக்கொண்டு பெரிய அபராதம் கட்டியது. கட்டிய கையோடு அம்மான் அலுவலகத்தை மூடியது. உட்கார்ந்திருந்த கிளையை வெட்டியவன் என்று கதையில் வருவானே, அவனாவது விழப்போகிறோம் என்று தெரியாமல் வெட்டினான். இவன் சதவீதக் கணக்குப் போட்டுக்கொண்டு வெட்டினான். கார்லா வாழ்த்துச் சொன்னாள். எத்தனை சதவீதம் என்பதை அமெரிக்க அரசு அலுவலகம் ஆற அமர யோசிக்கும், வருஷக் கணக்கில் ஆகலாம், பொறுமையாக இருங்கள் என்றாள். குழாயில் தண்ணீர் பழையபடி மூக்கால் அழுதது.

ஒரு சாயங்காலம் தொலைக்காட்சிச் செய்தியில் ஷாஹர் பாஷா நீதிமன்றப் படியேறினார். அதே அபாயா. பம்பு, ஆலோசனைக் கட்டணம், நாற்காலி வியாபாரம் செய்யும் மருமகன் என்று செய்தி வாசிப்பவள் அடுக்கினாள். வஸ்ஃபி சொன்ன வரிசை மாறவில்லை. ஹியாம் அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"அப்ப பொம்பளைன்னு யாரும் இல்ல," என்றாள்.

"அதத்தானே அன்னிக்கே சொன்னேன்." வஸ்ஃபிக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது போல் இருந்தது. இனி சிரிப்பாள் என்று எதிர்பார்த்து அவனே முதலில் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "பொம்பளயா இருந்திருந்தா, வயசுக் கோளாறு, புத்தி கெட்டுப்போச்சுன்னு மறந்திருப்பேன். மறக்கத்தான் இத்தன நாளா முட்டிக்கிட்டிருந்தேன். நான் கதவுக்குப் பின்னாடி நிக்கிறேன்னு தெரியும் உங்களுக்கு. தெரிஞ்சே, ஊரு முன்னால, இல்லாத ஒருத்திய எனக்குச் சக்களத்தியாக் கொண்டாந்து வச்சீங்களே. எதுக்கு?"

"பயம், ஹியாம். அந்த ஆளு கைய நீட்டிட்டாரு. பாதி பயந்தான்."

"மீதிப் பாதி?"

மீதிப் பாதி எது என்று இருவருக்கும் தெரியும். மொழிபெயர்ப்பாளன்தான், ஆனால் அதை வேறு நல்ல வார்த்தையாக மாற்ற அவனிடம் எந்த மொழியும் இல்லை.

அவள் எழுந்துபோய் ஏலக்காய் போட்டுக் காபி காய்ச்சிக் கொண்டுவந்தாள். அழுதுகொண்டே காய்ச்சியிருக்கிறாள், கண் சிவந்திருந்தது. அவன் கோப்பையை வாங்கி, குடிக்காமல், தன் முன்னால் கீழே வைத்தான். ஜாஹாவுக்கு வந்தவன் மாதிரி முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பெரிய மனிதர் யாரும் கூட இல்லை. முன்பு கூட்டிப்போன அந்த ஒருவரோ இப்போது கோர்ட்டில் நிற்கிறார்.

ஹியாமுக்குப் புரிந்துவிட்டது. அவள் பார்க்காதவள் போல அவரைக்காய் முழுவதையும் நறுக்கி முடித்தாள். நார்களையெல்லாம் கூட்டி அள்ளினாள். காபி ஆறிப்போயிற்று.

"உங்க அமெரிக்காக்காரன் எவ்வளவு தருவான்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"பத்துலேருந்து முப்பதுக்குள்ள. யோசிச்சுச் சொல்வாங்க."

"சரி. நானும் பத்து சதவீதம் மன்னிச்சிருக்கேன். மீதிய யோசிச்சுச் சொல்றேன். வருஷக் கணக்குல ஆகும், பொறுமையா இருங்க."

பத்து சதவீதத்துக்குக் காபி குடிக்கலாமா கூடாதா என்று எந்த ஜாஹாவிலும் யாரும் சொன்னதில்லை. வஸ்ஃபி கோப்பையை எடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். ஒரே ஒரு வாய் குடித்துவிட்டு, மறுபடி கீழே வைத்தான்.