இலவம்பஞ்சுக்குள் ஒரு வில்

பொம்மிடி ஸ்டேஷனில் இன்னாசி தராசின்மேல் வைத்த மூங்கில் குழாயைப் பார்சல் குமாஸ்தா தட்டிப் பார்த்தார்.

"உள்ளார என்னங்க?"

"பிடில் வில்லுங்க. தலைப்பக்கம் கீறல் வுட்டுருக்குது. மெட்ராசுக்கு ரிப்பேருக்குப் போவுது."

"ஒடஞ்சா எங்க பொறுப்பில்ல பாருங்க."

"யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆவாதுங்க."

வாய்ச் சவடால் இல்லை. முற்றின மூங்கிலாகப் பார்த்து வெட்டி, உள்கணுக்களைப் பழுக்கக் காய்ச்சின கம்பியால் குத்தித் தள்ளி, வில்லைத் துணியில் சுற்றி உள்ளே விட்டு, ஆடாமல் இருக்க இலவம்பஞ்சு அடைத்திருந்தார். வீட்டில் இரண்டு தலையணைகள் இருந்தன. ஒன்றில் இப்போது யாரும் படுப்பதில்லை என்பதால் அதைப் பிரித்தார். தேங்காயெண்ணெய் வாசனை வந்தது.

மனைவி சவரியம்மாள் போன ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் இறந்துபோனாள். பிள்ளை குட்டி கிடையாது. மொரப்பூர் பக்கம் ஊரை விட்டு ஒதுங்கின ரயில்வே கேட், அதையொட்டி ஓர் அறை, சாயங்காலமானால் கோயில் பாட்டு வாசிக்கப் பிடில். அவ்வளவுதான் கேட்கீப்பர் இன்னாசிக்கு மிச்சம். வில் ஒடிந்துபோனால் சாயங்காலத்தை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது.

சைக்கிளில் திரும்பி அவர் டியூட்டி ஏற்றுக்கொண்ட கொஞ்ச நேரத்தில் மெட்ராஸ் வண்டிக்கு மணி அடித்தது. அவருடைய பார்சல் வருகிற வண்டி. பெரியம்மாள் ஆடுகளோடு கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"ரெண்டு நாளா பிடில் சத்தத்தையே காணோமுங்க. அது கேட்டாத்தான் வூட்ல ஆளு இருக்கற மாதிரி இருக்குது."

"ரிப்பேருக்குப் போயிருக்குதுங்க, வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே கேட்டை இறக்கச் சக்கரத்தைச் சுற்றினார். சுற்றச் சுற்றக் கம்பி விறைத்துக்கொண்டு வந்தது. பாதியில் அவர் கை நின்றது.

வில்லின் திருகைத் தளர்த்தவில்லை.

வாசித்து முடித்ததும் தளர்த்தாவிட்டால் வில்லில் கட்டின குதிரைமயிர் இழுத்து அதன் தலையைப் பிளந்துவிடும். அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து வாசிப்பதும் கீழே வைப்பதும்தான் அவர் வேலை. எடுத்துத் துடைத்து, திருகைத் தளர்த்தி, ஆணியில் மாட்டுவது சவரியம்மாள். "அதும் கொஞ்சம் மூச்சு வுட வேணாமா" என்பாள். தவக்காலத்துக்கு அப்புறம் வாசிக்க எடுக்கும்போதெல்லாம் வில் முறுக்காகவே இருந்தது. அதையும் ஒரு சௌகரியம் என்றே நினைத்திருந்தார். கீறல் எப்படி வந்தது என்று இப்போது புரிந்தது. அதே முறுக்கோடு, விண்டுபோன தலையோடு, அவள் தலையணைப் பஞ்சுக்குள் அது மெட்ராஸ் வரைக்கும் குலுங்கிக்கொண்டு போகும். போய்ச் சேரும்போது இரண்டு துண்டாக இருக்கும்.

கேட்டை முழுதும் இறக்கிப் பூட்டினார். வளைவில் எஞ்சின் புகை தெரிந்தது. வலது கையில் பச்சைக் கொடி. இடது கையில் சிவப்புக் கொடி சுருட்டியபடி இருந்தது. உதறி விரித்தால் போதும், வண்டி நின்றுவிடும். ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள். திருகைத் தளர்த்த வீட்டில் ஆள் இல்லை என்று யாரிடம் சொல்வது?

பச்சையை நீட்டிப் பிடித்தார். வண்டி தடதடவென்று முகத்தில் காற்றடித்துக் கடந்தது. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு, எல்லாம் சரி என்று தினமும் காட்டுவதுபோலத் தன் பச்சைக் கொடியைக் காட்டிவிட்டுப் போனார்.

"கேட்டத் தொறங்க, ஆடு நிக்க மாட்டேங்குது" என்றாள் பெரியம்மாள்.

அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இடது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சிவப்புக் கொடிக் கம்பின் நுனியைப் பிடித்து, மெதுவாக, தளர்த்துகிற பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தன.