முத்துத்தாயின் கனம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு, பஞ்சு மில்லில் நூல் சுற்றும் முத்துத்தாய் கால் வைத்த இடமெல்லாம் தரை அமுங்கத் தொடங்கியது. ஆள் ஒல்லிதான்; வயிற்றை விட்டு இறங்காமல் கிடந்ததன் கனம் அது. அவள் குடியிருந்த வில்லாபுரத்துப் பெண்கள் விடியுமுன் ஒதுங்கும் கருவேலங்காட்டை யாரோ வேலி போட்டு வளைத்துவிட்டார்கள். மில்லிலோ கக்கூஸ் சாவி மேஸ்திரி விருமாண்டியின் இடுப்பில் தொங்கியது. சாப்பாட்டுச் சங்கு ஊதினால்தான் திறப்பான். பாதிப் பேர் வரிசையில் நிற்கும்போதே பூட்டிவிடுவான். முத்துத்தாய் அடக்கினாள். தாகத்துக்குக்கூடத் தண்ணீர் குடிக்கப் பயந்தாள். மார்கழியில் அவள் ஏறிய மாட்டுவண்டியின் அச்சு முறிந்தது. வண்டிக்காரன் மரம் சரியில்லை என்றான்.

மில் கம்பவுண்டர் சௌந்தரராஜன் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்து, விளக்கெண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்.

"மலச்சிக்கல்மா. தண்ணி நெறையக் குடி, கீரை சாப்பிடு. வர்றப்ப மட்டும் அடக்காதே. அடக்க அடக்க உள்ள காஞ்சு கல்லாயிரும்."

"அடக்காம எங்கய்யா போக? உங்க மேசை மேலயா?"

முத்துத்தாய் எண்ணெயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். நடுப்பகலுக்கு முன்பே வயிறு முறுக்கியது.

"அண்ணே, சாவியக் குடுங்க."

"இம்புட்டு நாளு இருந்தவ, சங்கு ஊதுற வரைக்கும் இருக்க மாட்டியா?" என்று விருமாண்டி சிரித்தான்.

முத்துத்தாய்க்கு அழுகை வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் ஏறியது. நேரே போய்ப் பூட்டிய கக்கூஸ் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"இந்தக் கதவு தெறக்காம இங்க ஒரு நூல் ஓடாது!"

மில் கூடம் முழுவதும் அவள் பக்கம் சாய்ந்தது. மெஷின்களை ஓட்டும் வார்ப்பட்டைகள் கழன்றன. நூல்கண்டுகளும் எண்ணெய் டப்பாக்களும் உருண்டு வந்தன. அவற்றோடு விருமாண்டியும் சறுக்கி வந்து அவள் காலடியில் விழுந்தான். பக்கத்து மெஷின் மலையம்மாள் தூணைப் பிடித்தபடியே எட்டிச் சாவியைப் பறித்து, பூட்டைத் திறந்து, சாவியை முத்துத்தாயிடம் கொடுத்தாள்.

உள்ளே போனவள் வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். தரை அமுங்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தாள். விருமாண்டி சாவிக்குக் கை நீட்டினான்.

"குழிக்குள்ள கெடக்கு. வேணுமுன்னா எறங்கி எடுத்துக்கிருங்கண்ணே."

அதன்பின் அந்தக் கதவுக்குப் பூட்டுப் போடவில்லை. சாய்ந்த கூடமும் நிமிரவில்லை. வந்து பார்த்த இன்ஜினியர் களிமண் தரையின் குணம் என்றார். மெஷின் கால்களுக்கு மரக்கட்டை வைத்து ஓட்டினார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவளிடம், வலக்காலைக் கொஞ்சம் மடக்கி நிற்கும்படி முதல் நாளே சொல்லிவிடுவார்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும்.