ஆறு குப்பி இன்சுலின்

டுவைன் புரூயிட்டும் அவன் மனைவி லோரெட்டாவும் வேனில் குடியேறி அது நான்காவது கோடை. ஓக்லஹோமாவில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தபோதே இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே வேன் போகும். அந்த ஜூன் கடைசியில் நெவாடாவில் பரம்ப் என்ற பாலைவன ஊரில் ஒரு பட்டாசுக் கூடாரம் அமைந்தது. பகலில் விற்பனை, இரவில் காவல். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினம் முடிந்ததும் கூடாரத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வடக்கே மலைப்பக்கம் போய்விடலாம்.

லோரெட்டாவுக்கு ஒன்பது வயதிலிருந்து சர்க்கரை நோய். உடம்பில் இன்சுலின் சொட்டுக்கூடச் சுரக்காத வகை. ஊசி போடாமல் ஒரு நாளும் கழியாது. மூன்று மாதத்துக்கான ஆறு குப்பிகள் அப்போதுதான் தபாலில் வந்திருந்தன. அவை வேனின் சின்ன ஃப்ரிட்ஜில் இருந்தன. ஃப்ரிட்ஜ் ஓடியது பவர் ஸ்டேஷனில். சூட்கேஸ் அளவுள்ள பேட்டரிப் பெட்டி அது. கூரைமேல் கிடந்த சோலார் தகடுகள் பகலெல்லாம் அதை நிரப்பும்.

எதை வேண்டுமானாலும் அந்தப் பெட்டியில் சொருகலாம், பழைய கடையில் வாங்கிய குட்டி ஏசியை மட்டும் கேட்காமல் சொருகக் கூடாது. இது லோரெட்டாவின் சட்டம்.

"உனக்கு ஒரு மணி நேரம் குளுகுளுன்னு இருக்கும். அப்புறம் என் மருந்து வெந்நீர்ல குளிக்கும்" என்பாள்.

"சரிங்க மேடம். தலையில எழுதி வெச்சுக்கறேன்."

"உன் தலையில எழுதி என்ன பிரயோசனம். அங்கதான் ஒண்ணும் நிக்க மாட்டேங்குதே."

இப்படித்தான் இருவரும் பேசிக்கொள்வார்கள். ஆனால் ஏப்ரலில் அவன் வேனின் பக்கவாட்டில் நிழலுக்கு விரிக்கும் துணியை மடக்க மறந்து வண்டியை எடுத்ததில், அது கம்பியோடு பிய்ந்து போனது. அன்று முதல் அந்தக் கேலி அவனுக்குக் கொஞ்சம் சுருக்கென்று தைக்கத் தொடங்கியிருந்தது.

ஜூலை இரண்டாம் தேதி வெயில் மண்டையைப் பிளந்தது. மதியம் டுவைனுக்குத் தலைவலி. லோரெட்டா கடையைப் பார்த்துக்கொண்டாள். அவன் கூடாரத்துக்குப் பின்னால் நின்ற வேனில் போய்ப் படுத்தான். ஒரு அரை மணி நேரம்தானே என்று ஏசியைச் சொருகினான். டிவியில் பேஸ்பால் ஆட்டம் ஓடியது. அந்தக் குளிரில் அசந்து தூங்கிவிட்டான்.

வேர்வையில் நனைந்து விழித்தபோது ஏசி நின்றிருந்தது. பெட்டியின் திரையில் பூஜ்யம். பதறி எழுந்து ஏசியைக் கழற்றி வைத்தான். வெளியே நல்ல வெயில். தகடுகளிலிருந்து மின்சாரம் ஏறத் தொடங்கியது. திரையில் இரண்டு, பிறகு மூன்று. சாயங்காலத்துக்குள் நிரம்பிவிடும் என்று மூச்சு விட்டான். அதற்குள் லோரெட்டா கூப்பிட்டாள்; கூட்டம் வரிசைகட்டி நின்றது. கதவைச் சாத்திவிட்டு ஓடினான்.

அவன் மறந்தது ஒரு பொத்தானை. பூஜ்யம் வரை இறங்கிய பெட்டி மறுபடி நிரம்பினாலும், வெளியே மின்சாரம் தருவதற்கான பொத்தானை யாராவது கையால் அமுக்க வேண்டும். அதுவரை ஃப்ரிட்ஜுக்கு ஒன்றும் போகாது. வாங்கிய அன்றே லோரெட்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதை அவனுக்குப் படித்துக் காட்டியிருந்தாள்.

அடுத்த இரண்டு நாளும் யாரும் வேனுக்குள் நுழையவில்லை. பட்டாசுக்கு அதுதான் உச்சம். முதலாளி பீட்சாவும் ஐஸ் பெட்டியும் கூடாரத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். பட்டாசுப் பெட்டிகளுக்கு நடுவே கட்டில் போட்டுத் தூங்கினார்கள். லோரெட்டா அப்போது பயன்படுத்திக்கொண்டிருந்த பழைய குப்பி ஒரு பையில், ஐஸ் பெட்டி ஓரத்தில், அவள் கண் எதிரிலேயே இருந்தது.

ஐந்தாம் தேதி காலை, அவள் முதலாளியோடு மிச்சச் சரக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, டுவைன் குளிர்ந்த சோடா எடுக்க வேனைத் திறந்தான். அனல் முகத்தில் அடித்தது. ஃப்ரிட்ஜைத் திறந்தால் புளித்த பால் நாற்றம். பேட்டரிப் பெட்டியின் திரை நூறு சதவீதம் என்று காட்டியது. பொத்தானின் விளக்கு மட்டும் எரியவில்லை.

இன்சுலின் அட்டைப்பெட்டி அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டி போலச் சூடாக இருந்தது. ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கலங்கல் இல்லை, நிறம் மாறவில்லை, தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. பொத்தானை அமுக்கினான். பாலையும் கறியையும் தூர எறிந்தான். ஃப்ரிட்ஜைத் துடைத்து, கதவுகளைத் திறந்துவைத்து நாற்றம் போக்கினான். ஒரு மணி நேரத்தில் எல்லாம் சில்லிட்டது.

சொல்லிவிடத்தான் நினைத்தான். ஆனால் அடுத்த மருந்து செப்டம்பரில்தான் வரும்; அதுவரை கைக்காசு போட்டு வாங்க அவர்களுக்குக் கட்டாது. இதைச் சொன்னால் அவள் முகம் எப்படிப் போகும் என்று அவனுக்குத் தெரியும். வேலை முடிந்த சந்தோஷத்தில் அவள் அன்று முதலாளியின் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, "இனிமே நான்தான் ஓனர், நீ வேலைக்காரன்" என்று அவன் முதுகில் தட்டினாள். சாயங்காலம் சொல்லலாம் என்று விட்டான். சாயங்காலமும் சொல்லவில்லை.

மறுநாள் வடக்கே ஓட்டிப்போய், ஈலி ஊருக்கு மேலே பைன் மரங்களுக்கிடையே நிறுத்தினார்கள். காற்று குளிர்ந்திருந்தது. ஏழாம் தேதி பழைய குப்பி தீர்ந்தது. லோரெட்டா புதியதைத் திறந்தாள்.

அன்று மத்தியானம் முதல் அவளுக்குத் தாகம். குடம் குடமாகக் குடித்தாள், அடிக்கடி மரத்தடிக்குப் போனாள். விரலில் குத்திப் பார்த்தால் மீட்டர் சர்க்கரையை எக்கச்சக்கமாகக் காட்டியது.

"டுவைன், ஃப்ரிட்ஜ் எப்பவாவது நின்னுச்சா?"

"இல்லையே" என்றான். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

மறுநாள் காலை அளவைக் கூட்டிக் குத்திக்கொண்டாள். வேறொரு குப்பியையும் திறந்து பார்த்தாள். சர்க்கரை இறங்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து மீட்டரை உதறினாள்.

"தண்ணியத்தான் குத்திக்கறேன் போல. நிஜமாச் சொல்லு, அந்தக் கூடாரத்துல இருந்தப்போ ஃப்ரிட்ஜ் நல்லாத்தானே ஓடுச்சு?"

"ஓடுச்சு. மீட்டர்ல சொருகற அந்தப் பட்டை வெயில்ல கெட்டிருக்கும். தப்பாக் காட்டுது. இங்க உயரமும் ஜாஸ்தி, உடம்பு பழகணும்ல."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு, "இருக்கும்" என்றாள். முப்பது வருஷமாக அவன் சொன்னதை நம்பிய பழக்கம்.

ஒன்பதாம் தேதி விடிந்ததும் வாந்தி எடுத்தாள். மூச்சு ஆழமாக, வேகமாக வாங்கியது. வாயில் அழுகிய ஆப்பிள் வாசனை. டுவைன் அவளை இருக்கையில் சாய்த்துப் பெல்ட் போட்டுவிட்டு மண் பாதையில் வண்டியை இறக்கினான். பாதி வழியில் அவள் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"ஃப்ரிட்ஜ் நின்னுச்சா? திட்ட மாட்டேன். டாக்டர்கிட்ட சொல்லணும், அதுக்குத்தான்."

அவன் சாலையைப் பார்த்தபடி, "பேசாத, மூச்சு வாங்குது பாரு" என்றான்.

ஊரில் இருந்த சிறிய மருத்துவமனையில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். இளம் பெண் மருத்துவர் ஒருவர் வெளியே வந்து டுவைனிடம் கேட்டார்.

"இன்சுலினை எங்க வெச்சிருந்தீங்க? எங்கயாவது சூடு பட்டுச்சா?"

அப்போது சொன்னான். ஏசி, தூக்கம், பொத்தான், இரண்டரை நாள், எல்லாம். மருத்துவர் எழுதிக்கொண்டார். "எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார். "அஞ்சாம் தேதி" என்றான். அதையும் எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சாயங்காலம் லோரெட்டாவுக்குத் தெளிவு வந்தது. கையில் இரண்டு குழாய்கள். சர்க்கரை இறங்கிவருகிறது, ஆனால் இதயம் பாதிக்கப்பட்டிருக்கிறது, பார்க்க வேண்டும் என்றார்கள். டுவைன் நாற்காலியை இழுத்து அருகே போட்டு, தானாகவே எல்லாவற்றையும் சொன்னான். அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"மூணு தடவை கேட்டேன்."

"ஆமா."

"திட்டியிருப்பேன். ரெண்டு மணி நேரம் திட்டியிருப்பேன். அப்புறம் ரெண்டு பேருமா ஏதாவது ஆஸ்பத்திரி வாசல்ல போய் மருந்து கேட்டு நின்னிருப்போம். அவ்வளவுதானே."

"லோரெட்டா…"

"என்னைத் தண்ணிய குத்திக்க விட்டுட்டுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தியே." குரல் உயரவில்லை. "எனக்குத் தூக்கம் வருது. நீ வெளிய இரு."

அவன் வெளியே இருந்தான். நாளைக்குக் கோபம் ஆறும், நாளைக்குப் பேசுவாள் என்று நினைத்தான். மறுநாள் காலை பத்து மணிவாக்கில் செவிலியர்கள் அறைக்குள் ஓடினார்கள். அரை மணி நேரம் கழித்து அதே மருத்துவர் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

லோரெட்டாவின் தங்கை ஜோலீன் ஓக்லஹோமாவில், ஆர்ட்மோரில் இருந்தாள். மருத்துவமனை வாசலில் நின்று அவளை அழைத்தான். நெடுநேரம் அழுத பிறகு அவள் கேட்டாள்.

"கடைசியா என்ன சொன்னா?"

"உன்னைத்தான் கேட்டா" என்றான் டுவைன். "ஜோலீன்கிட்ட சொல்லு, பயப்பட வேணாம்னு சொல்லுன்னா."

ஆர்ட்மோரில் அடக்கம் நடந்தது. தேவாலயக் கூடத்தில் ஜோலீன் வந்தவர்களிடமெல்லாம், "என் அக்காவை டுவைன் மாதிரி யாரும் பாத்துக்கிட்டிருக்க முடியாது" என்றாள். அறிமுகமில்லாதவர்கள்கூட வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னான். ஜோலீன் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி நான்கு நாள் இருந்தான். தினமும் காலையில் அவள் முட்டையும் பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுத்து, அவன் சாப்பிடும்வரை அவன் தோளில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். ஐந்தாம் நாள் அவள் வேலைக்குப் போன பிறகு, சொல்லாமல் கிளம்பினான்.

இரண்டு நாள் எங்கெங்கோ ஓட்டி, கான்சாஸ் எல்லை தாண்டிப் பெட்ரோல் போட நிறுத்தியபோது, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்து அவளை அழைத்தான். அவள் உடனே எடுத்தாள்.

"எங்க போயிட்ட டுவைன்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தேடிக்கிட்டிருக்கேன்."

அவன் பெட்ரோல் குழாயை எடுத்த இடத்தில் மாட்டினான்.

"சரி, விடு. உனக்கு எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாதா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்றான்.

இரண்டு நாளாக அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.