நடக்கிறார், பெயர் வரவில்லை

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முட்டுச்சந்தின் திரையில் நானூற்றுப் பன்னிரண்டு பிழைகள் மிச்சம் இருந்தன. ஒவ்வொன்றையும் திறந்து, "சரிசெய்யப்படாது" என்று குறித்து, மூட வேண்டும். ஸ்டூடியோவை மூடுவதற்கு முன்னால் பிழைப் பட்டியலை மூடிவிட வேண்டுமாம். வீட்டைக் காலி செய்கிறவர்களைக் கூப்பிட்டு, போகிற போக்கில் ஒட்டடையும் அடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்கிற கதைதான். அவள் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள்.

முட்டுச்சந்து என்பது ஆபீஸ் வைத்த பெயர். பதினோரு வருடமாக அவளுடைய வேலை, தயாராகிக்கொண்டிருக்கும் வீடியோ கேமுக்குள் புகுந்து சுவர் சுவராக முட்டிப் பார்ப்பது. எந்தக் கதவு திறக்கவில்லை, எந்தப் படிக்கட்டில் ஆள் இடுப்புவரை புதைகிறான், எந்த மூலையில் மாட்டினால் வெளியே வர வழியில்லை என்று கண்டுபிடித்து, எண் போட்டு எழுதுவாள். நிஜத்திலும் அவள் நடை அப்படித்தான். தலையைக் குனிந்து, வலது தோளை முன்னால் நீட்டி, எதிரே சுவர் வந்தால் ஒரு கை பார்த்துவிடலாம் என்பதுபோல் நடப்பாள்.

இந்தப் பிழைகளெல்லாம் ஸ்டூடியோ ஐந்து வருடம் செய்த ஒரு விளையாட்டினுடையவை. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு ஊர். வீடு வீடாகப் போய் ஆட்களைச் சமாதானப்படுத்திப் படகில் ஏற்ற வேண்டும். வெளிவந்து ஐந்து மாதம். மூன்று விருதுகள் வந்திருந்தன. வைக்க அலமாரி இல்லாததால் மூன்றும் பிரிட்ஜின் தலையில் இருந்தன. கதவை அடித்துச் சாத்தினால் மூன்றும் ஆடும். விமர்சனம் எழுதியவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பப் புகழ்ந்தார்கள்: முதுகைப் பார்த்தாலே யாரென்று தெரிகிறது, ஒவ்வொருவரும் அப்படி நடக்கிறார்கள் என்று.

செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து திரையில் வந்து பேசினார்கள். பன்னிரண்டு நிமிடம். உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை, கம்பெனியின் திசை மாறுகிறது, அவ்வளவுதான் என்றார்கள். பேச்சு முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. இருபது வருடமாக நிரல் எழுதும் தாடிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"பாதியில இருந்தா மூட யோசிப்பாங்க, போட்டதெல்லாம் வீணாப் போயிடுமேன்னு. நாம முடிச்சுக் குடுத்துட்டோம். அடுத்தது வர இன்னும் அஞ்சு வருஷம். அதுவரைக்கும் நம்மள உக்கார வச்சுச் சோறு போடணும். மூடணும்னா இதுதான் அவங்களுக்கு நல்ல நேரம்."

"அப்போ விருது?" என்று யாரோ கேட்டார்கள்.

"விருது வாங்கினது ஆட்டம். ஆட்டம் அவங்ககிட்டதான இருக்கு? போறது நாமதான்" என்றார் தாடி.

ஒவ்வொரு பிழையும் மூடும்போது ஒரு பழைய நாளைக் கிளப்பிவிட்டது. 2206: தபால்காரர் படகில் ஏறியபின் தொப்பி மட்டும் தெருவில் நிற்கிறது. அந்தத் தொப்பிக்கு ஒரு வாரம் எல்லாரும் வணக்கம் வைத்தார்கள். 3051: ஆடு கூரைமேல் ஏறி இறங்க மறுக்கிறது. அதைச் சரிசெய்யவே வேண்டாம், ஆடு சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று ஒரு கட்சி இருந்தது. அவள் தனியாகச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டை மூடினாள்.

நடை சம்பந்தமான பிழைகள் வந்தபோது கை நின்றது. அவற்றின் பக்கத்திலெல்லாம் ஒய்யாரத்தின் பழைய குறிப்புகள் இருந்தன: "இவருக்கு இடது முட்டி வலி, அதான் இழுக்கிறார், பிழை இல்லை." "இவள் கோபமாக இருக்கிறாள், அதனால்தான் வேகம்."

விளையாட்டின் அறுபத்து மூன்று பேருக்கும் நடை அமைத்தவள் ஒய்யாரம்; அதுவும் ஆபீஸ் வைத்த பெயர்தான். ஆபீஸ் நடைவழியில் ஒரு முக்காலியை வைத்து, தண்ணீர்க் கேனில் போனைச் சாய்த்து, தானே நடந்து படம் எடுத்து, அதைப் பார்த்து வரைவாள். காலையில் கிழவராக நடப்பாள், மதியம் கர்ப்பிணியாக. முக்காலியைப் பிடித்துக்கொள்வது முட்டுச்சந்தின் வேலை. ஆபீசில் யாருடைய நடையும் ஒய்யாரத்திடமிருந்து தப்பவில்லை. தலைமை அலுவலக அதிகாரி முதன்முதலாகப் புது ஷூ போட்டு வந்து போன மறுநாள், ஊர்க்குளத்து வாத்துக்கு நடை கிடைத்தது. வலது பாதம் வெளியே திரும்ப, இரண்டடிக்கு ஒரு தரம் கழுத்தை நீட்டி யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே போகும். அன்று தாடி நாற்காலியிலிருந்து விழுந்தார்.

முட்டுச்சந்தின் நடையும் தப்பவில்லை. விளையாட்டில் கதவு கதவாகத் தட்டி ஊரை எழுப்பும் அக்காவுக்கு அது போயிற்று. முட்டுச்சந்தின் முகம் வாடியிருக்கும் நாட்களில் ஒய்யாரம் நடைவழியின் அந்தக் கோடியிலிருந்து தோளை நீட்டிக்கொண்டு அதே நடையில் வருவாள். "போடி" என்பாள் இவள். உள்ளுக்குள் உச்சி குளிர்ந்துவிடும்.

மூன்றாம் வருடம் ஒய்யாரத்தின் அப்பாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. கூட ஆளில்லை. வேலையை விட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் சேர்ந்தாள். விளையாட்டு வெளிவரும் முன்னால், அதன் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பு முட்டுச்சந்திடம் வந்தது. இருநூற்றுப் பதினான்கு பெயர்கள். விளையாட்டைக் கண்ணால் பார்த்திராத தலைமை அலுவலகத்தார் பெயர்களெல்லாம் இருந்தன. அவள் எழுத்தெழுத்தாகப் பார்த்தாள், இனிஷியலில் மட்டும் ஏழு தவறு பிடித்தாள். இருக்கிற பெயர்களிலேயே பிழை தேடிக்கொண்டிருந்தவளுக்கு, இல்லாத பெயர் தோன்றவே இல்லை. வெளியாகும் நாளில் வேலையில் இருப்பவர்கள் பெயர் மட்டுமே போடுவது கம்பெனி விதி.

வெளிவந்த அடுத்த ஞாயிறு ஒய்யாரம் போன் செய்தாள்.

"பாத்தேன்டி. ரொம்ப நல்லா வந்திருக்கு. அப்பாவும் நானும் கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தோம்." கொஞ்சம் நிறுத்தினாள். "பேரெல்லாம் ரொம்பச் சின்ன எழுத்துடி. அப்பாவுக்குச் சரியாத் தெரியல."

போனை வைத்த பிறகுதான் இவளுக்கு உறைத்தது. பட்டியலைத் திறந்து இரண்டு தரம் தேடினாள். தலைமை அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் விதி எண்ணைச் சொல்லிப் பதில் வந்தது. அதன்பின் ஒய்யாரத்தை அவள் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது? அந்தப் பக்கமிருந்தும் போன் வரவில்லை. ஐந்து மாதம் அப்படியே போய்விட்டது.

மதியம் இரண்டு மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டாவதை மூடினாள். நான்கு மணிக்குக் கடைசி அப்டேட் போகிறது. விளையாட்டை நிறுத்திவிடக்கூடிய மூன்று பிழைகளுக்கு மட்டும் தாடி திருத்தம் எழுதி வைத்திருந்தார். அது போனபின் இந்த விளையாட்டை இனி யாரும் தொட மாட்டார்கள். பெயர்ப் பட்டியலை மாற்றக் கூடாது. ஆனால் பிழையைத் திருத்தலாம். அவள் ஒரு நிமிடம் காலியாகிவிட்ட பிழைப் பட்டியலைப் பார்த்தாள். பிறகு புதிய பிழை ஒன்றைத் திறந்து, 4118 என்று எண் விழுந்ததும் எழுதத் தொடங்கினாள்.

"நடக்கிறார், பெயர் வரவில்லை. இடம்: ஊர் முழுவதும். சரிபார்க்கும் முறை: எந்தத் தெருவிலாவது நின்று யாராவது நடப்பதைப் பார்க்கவும். பின்பு பெயர்ப் பட்டியலைக் கடைசிவரை பார்க்கவும். தீவிரம்: மிக அதிகம்."

தாடி வந்து படித்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "பத்து நிமிஷ வேலை. கையெழுத்து அந்த ஹெட் ஆபீஸ் சார்தானே போடணும்?"

"போடலன்னா எடுத்துடுவோம்."

"எழுத்து கொஞ்சம் பெருசாப் போடலாம்" என்றார் தாடி.

மூன்று மணிக்கு அதிகாரி வந்தார். நடைவழியில் அந்த ஷூச் சத்தம் கேட்டபோது, முதல் தடவையாக யாரும் குனிந்து சிரிக்கவில்லை. அவளருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திருத்தங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். நான்காவதில் நின்றார்.

"இது பிழையாம்மா?"

"ஆமா சார்."

"பேர்ப் பட்டியல்ல கை வைக்கக் கூடாதுன்னு மூணு தடவ எழுதியிருக்கேனே."

"பட்டியல மாத்தல சார், அது முடிஞ்சதும் ஒரு வரி தனியா வருது. ஊர்ல நடக்குற அத்தன பேரோட நடையும் ஒருத்தர் நடந்து காட்டுனது. அவங்க மட்டும் எங்கயும் இல்ல. நான்தான் சரிபார்த்தேன். நான் விட்டது."

"காட்டுங்க" என்றார்.

அவள் விளையாட்டைத் திறந்தாள். முட்டி வலிக்காரர் போனார். கோபக்காரி போனாள். தோளை நீட்டிக்கொண்டு அக்கா கதவு தட்டப் போனாள். அவர் அக்காவையும் பக்கத்தில் இருந்தவளையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் குளத்திலிருந்து வாத்து ஏறி வந்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது. வலது பாதம் வெளியே திரும்ப, கழுத்தை நீட்டி, தெருவை முழுக்கக் கடந்துதான் தீர்வேன் என்று நிதானமாகக் கடந்தது.

"இந்த வாத்தப் பாக்கும்போதெல்லாம் என் பொண்ணு விழுந்து விழுந்து சிரிப்பா" என்றார் அதிகாரி. "ஏன்னு கேட்டாச் சொல்ல மாட்டா."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதுவும் அவங்கதானா?"

"ஆமா சார்."

அவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார். "பிழைன்னு எழுதியிருக்கீங்க. பிழையாவே இருக்கட்டும்" என்று நாலுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். எழுந்து போகும்போது, பாதத்தை நேராக வைத்து நடக்க முயன்றார். பத்தடி தாண்டியதும் அது தன்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டது.

நான்கு மணிக்கு அப்டேட் போயிற்று. பிரிட்ஜை அணைத்தார்கள். விருதுகளைப் பெட்டியில் போட்டு, மேலே தலைமை அலுவலக முகவரியை எழுதினார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து முட்டுச்சந்து ஒய்யாரத்துக்கு நாலு தடவை எழுதி அழித்தாள். மன்னிப்பு, நியாயம், விதி எல்லாவற்றையும் அழித்தபின் மிஞ்சியது ஒரே வரி: "புது அப்டேட் வந்திருக்கு." பதில் வரவில்லை. சனியும் வரவில்லை, ஞாயிறும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை, வேலைக்குப் போக வேண்டாத இரண்டாவது நாள், வீட்டில் இருப்புக் கொள்ளாமல் பல் மருத்துவமனைக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். மதிய இடைவேளை ஒரு மணிக்கு என்று தெரியும். போய்ப் பேசுவதா, பார்த்துவிட்டுத் திரும்புவதா என்று முடிவு செய்யாமலே இரண்டு பஸ்களை விட்டாள். கண்ணாடிக் கதவு திறந்து ஒய்யாரம் வெளியே வந்தாள். தலையில் நரை கூடியிருந்தது. கையில் சாப்பாட்டுப் பை. படியிறங்கியவள் தற்செயலாக நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தாள், பார்த்தபடியே நின்றாள்.

சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. முட்டுச்சந்துக்குக் கையை ஆட்டலாமா என்றுகூடத் தெரியவில்லை. சிக்னல் விழுந்து வண்டிகள் நின்றன. ஒய்யாரம் பையை இடது கைக்கு மாற்றினாள். தலையைக் குனிந்தாள். பிறகு வலது தோளை முன்னால் நீட்டி, எதிரே ஒரு சுவர் இருப்பதுபோல், சாலையைக் கடந்து நேராக அவளை நோக்கி வரத் தொடங்கினாள்.