புலிக்குப் பிறந்த குட்டி

1

இந்தக் கதையை ஒரு கல்யாணப் பந்தியில் திருடினேன். ஜொகூரில், மாசாய் ஊரில், ஒரு மண்டபத்தில், பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குக் காத்திருந்த நேரத்தில் சொன்னார்: "அந்தக் காலத்துல கூலாய்ல, எங்க சொந்தத்துல ஒருத்தவங்க வீட்டுல, புலிக்குப் பொறந்த குதிரக்குட்டி ஒண்ணு இருந்துச்சாம்." ரசம் வந்தது. குடித்தார். கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லை.

அந்த ஒரு வாக்கியம்தான் அவருடையது. மற்றதெல்லாம் நான் செய்தது. அப்படியெல்லாம் நடக்கவே இல்லை என்று யாராவது வந்தால் சண்டைக்கு நிற்கமாட்டேன்.

2

முதல் தொடக்கம்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ஜொகூர் மாநிலத்தின் கூலாய் வட்டாரத்தில், ரயில்பாதைக்குக் கிழக்கே அமைந்திருந்த

(வேண்டாம். பாடப்புத்தக வாடை.)

இரண்டாவது: "குதிரை படுத்துக்கொண்டது."

இது தேவலாம். ஆனால் யார் வீட்டுக் குதிரை என்று கேட்பீர்கள்.

அய்யாவு வீட்டுக் குதிரை. ரப்பர் பால்மரக் காட்டை ஒட்டி அவனுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் ஒரு கொட்டகை, கறவை மாடுகள், கீரைப்பாத்திகள். பால் வண்டியை இழுத்த மாடு கிழடாகிப் போனதால், ஜொகூர் பாருவில் சர்க்கஸ்காரர்கள் நொண்டிக் குதிரை ஒன்றைத் தள்ளிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ரயிலேறிப் போனான். கூடாரத்துக்கு வெளியிலேயே பேச்சு முடிந்துவிட்டது. உள்ளே என்னென்ன மிருகம் இருந்தது என்று அவன் பார்க்கவில்லை. செம்மண் நிறக் குதிரையை நடத்தியே கூட்டிவந்தான். வண்டிச் சத்தத்துக்கு அது மிரளாது. யாராவது கை தட்டினால் மட்டும் முன்காலை மடக்கி வணக்கம் வைக்கும்.

வீட்டில் மூன்று பேர்: அய்யாவு, அவன் மனைவி சந்திரமதி, அவனுடைய அக்கா பேச்சியம்மாள். பேச்சியம்மாள் கணவனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டுத் தம்பியோடு வந்து சேர்ந்தவள். (முதல் வரைவில் அவளை ஊமையாக எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் வாசகருக்குச் சீக்கிரம் இரக்கம் வரும். கொஞ்ச தூரம் போனதும் அவளுக்குச் சொல்ல நிறைய இருப்பது தெரிந்தது. விட்டுவிட்டேன், பேசட்டும் என்று.)

சந்திரமதி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. குதிரையும் அப்படித்தான் என்று யாருக்கும் தெரியாது. வயிறு பெருத்ததை நல்ல புல் செய்த வேலை என்று நினைத்துக்கொண்டார்கள்.

3

மத்தியான மழை. கொட்டகைக் கூரையில் விழும் சத்தத்தில் மாடுகள்கூடக் கண்ணை மூடிக்கொண்டிருந்தன. உலகத்தில் அந்தக் கொட்டகை மட்டும் மிச்சமிருப்பதுபோல வெளியே எல்லாம் வெள்ளையாகக் கரைந்திருந்தது.

"மதினி, குதிர படுத்துருச்சு," என்றாள் சந்திரமதி. கணவனின் அக்காளை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"வயித்து வலியா இருக்கும். எந்திரிச்சுரும்."

எழுந்திருக்கவில்லை. கிட்டே போய் வாலைத் தூக்கிப் பார்த்த பேச்சியம்மாள் அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடியே, இது வயித்து வலி இல்லடி."

"பின்ன?"

"காலு தெரியுது."

மாட்டுக்குப் பிரசவம் பார்த்த கைதான். அதே மாதிரி பிடித்து, குதிரை முக்கும்போதெல்லாம் மெல்ல இழுத்தாள். வெளியே வந்தது நனைந்த சாக்கு மாதிரி கறுப்பாக இருந்தது. தாய் திரும்பிப் பார்த்துவிட்டு நக்கத் தொடங்கியது.

ஈரம் காயக் காயக் காலில் ஒரு கோடு தெரிந்தது. அழுக்கு என்று நினைத்துப் பேச்சியம்மாள் முந்தானையால் துடைத்தாள். கோடு போகவில்லை. அதற்கு மேலே இன்னொன்று வந்தது. அப்புறம் தொடையில், கழுத்தில். குட்டிக்கு உள்ளே உட்கார்ந்து யாரோ அவசரமில்லாமல் வரைந்துகொண்டிருப்பதுபோல இருந்தது.

(இந்தப் பத்தியில் வெகுநாள் நின்றேன். கோடுகளை அழித்துவிட்டுச் சாதாரணக் குட்டியாக ஒருமுறை எழுதிப் பார்த்தேன். கதை எழுந்து நிற்கவே இல்லை.)

சந்திரமதியின் கை அவள் வயிற்றுக்குப் போனது.

"எனக்குப் பயமா இருக்கு மதினி."

"அது நிக்கப் பாக்குது பாரு. நம்மளப் பாத்து அதுக்குப் பயம் இல்ல."

4

பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். அந்த வாரம்தான் புலி ஒன்று அந்தப் பக்கத்தில் கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு போயிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பேச அதிக நேரம் ஆகவில்லை. இது புலிக்குப் பிறந்தது. புலி வந்து போகிற கொட்டகை. அந்தக் கொட்டகைப் பாலை யார் பிள்ளைக்குக் கொடுப்பது?

பால் மிஞ்சியது. பேச்சியம்மாள் மோராக்கினாள், நெய்யாக்கினாள், கடைசியில் கீரைப்பாத்தியில் ஊற்றினாள்.

"ஏங்க, எம்புள்ளையும் அப்படிப் பொறந்துட்டா?" என்று சந்திரமதி கேட்டாள்.

"பைத்தியமாடி ஒனக்கு?" என்ற அய்யாவு, கொஞ்சம் பொறுத்து அக்காவிடம் வந்தான். "அக்கா, குட்டியக் காட்டோரமா விட்டுட்டு வந்துரவா?"

"விடு. அப்படியே என்னையும் விட்டுட்டு வா. புருசன முழுங்குனவன்னு நானுந்தான் பேச்சு வாங்குனேன்."

அவன் குதிரைக்குப் புல் அறுக்கப் போனான்.

சர்க்கஸ் என்று படித்தபோதே உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். எனக்கும் தெரியும். வரிக்குதிரை. அந்த வீட்டில் யாரும் அப்படி ஒரு மிருகத்தைக் கண்டதில்லை, கேட்டதில்லை. ஒரு சொல் போய்ச் சேர்ந்தால் மூன்று பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

5

எனவே ருக்னுதீனை அனுப்பினேன். கூலாயில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர்; அவர் கடைத் தேநீருக்கு அய்யாவு வீட்டுப் பால்தான். குட்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"அலமாக்! தம்பி, இது வரிக்குதிர ஜாதி. அப்பன் வரிக்குதிர, ஆத்தா இது. சர்க்கஸ்ல நானே பாத்தேன். புலியாவது ஒண்ணாவது!"

"அப்படி ஒரு குதிர இருக்கா பாய்?"

"அல்லா படைச்சதுல எதுதான் இல்ல?"

அன்றைக்குச் சந்திரமதி இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். பிறகு அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, கோடு எதுவும் இல்லாமல். லயத்தில் பாதிப் பேர் பால் வாங்க வந்தார்கள். மீதிப் பேர் கடைசிவரை நம்பவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ருக்னுதீன் தன் கடையில் அதைப் பெருமையாகச் சொன்னார், கேட்டவர்கள் ரயிலில் சொன்னார்கள், குட்டி புல் மேயத் தொடங்கிய சமயத்தில் சர்க்கஸ்காரர் வந்து நின்றார். நான் சொல்லைத்தான் அனுப்பினேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கயிறு வந்துவிட்டது.

அவரைக் கெட்டவராக எழுதப் பார்த்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை. குட்டியின் காதுக்குப் பின்னால் பதமாகச் சொறிந்துகொடுத்தார்.

"நல்லா வளத்துருக்கீங்கம்மா. எங்ககிட்டக் குடுங்க. மழைக்குக் கூடாரம் இருக்கு, தீனி இருக்கு. இதோட அப்பனும் அங்கதான் இருக்கு."

"தாயி?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"நொண்டிக் குதிரைக்கு அங்க வேல இல்லம்மா."

அவர் காலையில் வருவதாகச் சொல்லிப் போனார். அய்யாவு அக்காவைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய் ஈரமண்ணைக் காட்டினான். அகலமாக, பூப்போல, புலியின் தடம்.

"குடுக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையா அக்கா? இங்க இருந்தா ஒருநாள் புலி தூக்கிட்டுப் போயிரும். அங்க இருந்தா உசுரோட இருக்கும்ல?"

பேச்சியம்மாளுக்குப் பதில் கிடைக்கவில்லை. நானும் அவளுக்கு ஒன்றும் எடுத்துக்கொடுக்கவில்லை, ஏனென்றால் அவன் சொன்னது சரி.

6

கிழித்துப் போட்ட முடிவுகள்:

பேச்சியம்மாள் குட்டியைத் தரமாட்டேன் என்கிறாள். அது வளர்ந்து பால் வண்டி இழுக்கிறது. கோடு போட்ட குதிரையைப் பார்க்கவே கூலாய் கூடுகிறது. (எழுதும்போது சுகமாக இருந்தது. புலி எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை.)

பேச்சியம்மாள் கொடுத்துவிடுகிறாள். பல வருடம் கழித்து ஜொகூர் பாருவில் சீட்டு வாங்கி உள்ளே போகிறாள். விளக்கு வெளிச்சத்தில் அது சுற்றிச் சுற்றி ஓடுகிறது, அவளைத் தாண்டும்போது ஒரு கணம்

(உங்களை அழவைக்கத்தான் இதை எழுதினேன். மன்னியுங்கள்.)

7

மிச்சமிருப்பது அந்தக் காலைதான்.

பனிமூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. சர்க்கஸ்காரர் கயிறோடு வந்தார். அவரைக் கண்டதும் குட்டி துள்ளிப் பால்மரக் காட்டுக்குள் ஓடியது. அய்யாவும் அவரும் பின்னால் ஓடினார்கள். கொட்டகையில் தாய்க்குதிரை ஒருமுறை கனைத்தது. காட்டிலிருந்து சத்தம் இல்லை.

சூரியன் சாய்வாக உள்ளே விழுந்தது. வரிசை வரிசையாக மரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல். ஒரு பட்டை வெளிச்சம், ஒரு பட்டை இருட்டு, கண்ணுக்கு எட்டும் தூரம்வரை. அந்த இரண்டு பேரும் அதற்குள் நின்று அங்குமிங்கும் பார்த்தார்கள். எல்லாமே கோடாக இருந்தது.

கீரைப்பாத்தி ஓரத்தில் நின்ற பேச்சியம்மாள் மட்டும் பார்த்தாள். ஆறாவதோ ஏழாவதோ மரத்துக்குப் பக்கத்தில், நிழல் ஒன்று காதை அசைத்தது.

"அக்கா! எந்தப் பக்கம் போச்சு, பாத்தியா?" என்று அய்யாவு கத்தினான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள். அவள் என்ன சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை. அவளைப் பேசவிட்டவன் நான்தான். இந்த ஒன்றை மட்டும் அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தக் காது அசைந்ததை நீங்களும் பார்த்துவிட்டீர்கள். அய்யாவு கண்ணைத் துடைத்துக்கொண்டு இப்போது உங்களிடம் வருகிறான்.